சிவக்காத ஈஸ்ட்

"சாகப் போறவங்க யாராவது 'ஆகவே'ன்னு ஆரம்பிப்பாங்களா சார்?"

மெஹர் பானு அந்த ஜெராக்ஸ் தாளை மேஜைமேல் வைத்துவிட்டுக் கேட்டாள்.

மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் ரோட்டில், ஒரு சைக்கிள் கடையின் மாடியில் இருந்தது துப்பறிவாளர் சவுரிமுத்துவின் அலுவலகம். 1992, மார்ச் மாதம். காலை பத்து மணிக்கே ஆஸ்பெஸ்டாஸ் கூரை கொதிக்க ஆரம்பித்திருந்தது. சவுரிமுத்துவுக்கு ஐம்பது வயது. போலீஸ் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவர். அதிகம் பேசமாட்டார். அவருக்கும் சேர்த்துப் பேசுவதற்கு, பல்லாவரத்திலிருந்து டி.வி.எஸ். ஃபிஃப்டியில் தினமும் வந்துவிடுவாள் உதவியாளர் மெஹர் பானு.

எதிரே உட்கார்ந்திருந்த செல்வமேரி, தாம்பரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். அவருடைய அக்கா டாக்டர் தபீதாளை அடக்கம் செய்து எட்டு நாள் ஆகியிருந்தது.

டாக்டர் என்றால் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. ஈஸ்ட் என்ற நுண்ணுயிரை இருபத்துநாலு வருடமாக ஆராய்ந்தவர். வண்டலூர் தாண்டி ஓர் ஆய்வு நிலையத்தில் தனக்கென்று ஒரு லேப் வைத்திருந்தார். போன வெள்ளிக்கிழமைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை மாலை, சேலையூரில் தன் வீட்டுச் சமையலறை மேஜைமேல் தலைசாய்த்தபடி செத்துக்கிடந்தார். காபியில் விஷம். டம்ளருக்கு அடியில் இந்தக் கடிதம்.

சவுரிமுத்து அதை எடுத்து வாய்விட்டுப் படித்தார்.

"ஆகவே இனியும் இதைச் சுமக்க என்னால் முடியாது. எட்டு வருடமாக எல்லோரையும் ஏமாற்றியிருக்கிறேன். யாரையும் குறை சொல்லவில்லை. பொறுப்பு முழுக்க என்னுடையது. திங்கட்கிழமையோடு எல்லாவற்றையும் முடித்துக்கொள்கிறேன். என்னை மன்னித்துவிடு. தபீதாள்."

"அக்கா கையெழுத்துதானா?"

"அவதான் சார் எழுதியிருக்கா. அதுல சந்தேகமே இல்ல. தற்கொலைன்னு சொல்லி ஸ்டேஷன்ல ஃபைலை மூடிட்டாங்க." செல்வமேரியின் குரல் நடுங்கவில்லை. அழுது தீர்ந்துபோன குரல். "ஆனா அந்த சனிக்கிழமை நாங்க ரெண்டு பேரும் வேளாங்கண்ணி கிளம்பறதா இருந்தோம். பெட்டிகூட கட்டி வெச்சிருந்தா."

"வெள்ளிக்கிழமை செத்தவங்க, திங்கட்கிழமையோட முடிச்சுக்கறேன்னு எழுதறாங்க. அதுவும் 'ஆகவே'ன்னு ஆரம்பிச்சு," என்றாள் மெஹர் பானு. "சார், இது ரெண்டாவது பக்கம். முதல் பக்கத்தை யாரோ தூக்கிட்டான்."

சவுரிமுத்து தலையசைத்தார். "வேற ஏதாவது இருக்காம்மா?"

செல்வமேரி கைப்பையிலிருந்து ஒரு தபால் உறையை எடுத்தார். வியாழக்கிழமை முத்திரை. தபீதாள் சாவதற்கு முந்தின நாள் அனுப்பியது. அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது கதவுக்குக் கீழே கிடந்ததாம். உள்ளே சிகரெட் பெட்டியில் இருப்பதுபோன்ற அலுமினியத் தாள் மடிப்பு. பிரித்தால், தீப்பெட்டி அளவுக்கு மை ஒற்றும் காகிதத் துண்டு ஒன்று. இரண்டு பக்கமும் வெறுமை. உறையின் மேல் மூலையில் மட்டும், 'மேரி, பத்திரம். வெயிலில் வைக்காதே' என்று எழுதியிருந்தது.

"இன்ஸ்பெக்டர் பார்த்தார். லைட்ல பிடிச்சு, தண்ணியில நனைக்கலாமான்னுகூட யோசிச்சார். அப்புறம், 'மனசு சரியில்லாதவங்க வெத்துப் பேப்பர் அனுப்பறது சகஜம்'னு குடுத்துட்டார்."

"வெத்துப் பேப்பர் குடுக்கறதுல எங்க காலேஜ்ல நான்தான் ஃபேமஸ் சார். எல்லாம் பரீட்சை ஹால்ல," என்றாள் மெஹர் பானு.

சவுரிமுத்து காகிதத்தை மூக்கருகே கொண்டுபோனார். மிக லேசாக, புளித்த மாவின் வாசனை.

"அக்காவுக்கு யார்கூடயாவது பகை?"

செல்வமேரி உடனே பதில் சொன்னார். "ஒருத்தன் இருக்கான். யக்ஞநாராயணன்னு அவளோட ஸ்டூடன்ட். சொந்தப் பிள்ளை மாதிரி வெச்சிருந்தா. எண்பத்திநாலுல லேப்ல எல்லார் முன்னாடியும், 'நீங்க எழுதினது பொய்'னு கத்திட்டு வெளியே போனான். அந்தக் கட்டுரைக்குத்தான் அவளுக்கு விருது கிடைச்சது. இப்போ பொத்தேரியில ஒரு காலேஜ்ல வாத்தியாரா இருக்கான்."

*

ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிகளுக்கு நடுவே மெஹர் பானு டி.வி.எஸ். ஃபிஃப்டியை ஓட்ட, பின்னால் சவுரிமுத்து கண்ணை மூடிக்கொண்டு வந்தார்.

"ஜபம் பண்றீங்களா சார்?"

"உன் பின்னாடி உக்காந்தா பண்ணித்தான் ஆகணும்."

பொத்தேரிக் கல்லூரியில், உயிரியல் துறையின் கடைசி அறையில் இருந்தார் யக்ஞநாராயணன். முப்பத்தெட்டு வயதிலேயே முன்தலை வழுக்கை. வந்தவர்கள் யார் என்று சொன்னதும் முகம் இறுகியது.

"அடக்கத்துக்கு ஏன் வரலைன்னு கேக்க வந்திருக்கீங்களா? வந்தேன். சர்ச்சுக்கு வெளியே, ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னேன். உள்ளே வர தைரியமில்லை."

சவுரிமுத்து அலுமினியத் தாளைப் பிரித்து மேஜைமேல் வைத்தார்.

யக்ஞநாராயணன் காகிதத்தைத் தொடவில்லை. இரண்டு நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இதை யாரெல்லாம் கையால தொட்டாங்க?"

"இன்ஸ்பெக்டர், நாங்க. ஏன்?"

"சார், இது வெத்துப் பேப்பர் இல்ல. இதுக்குள்ள உயிர் இருக்கு."

மெஹர் பானு நாற்காலியைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளினாள்.

"பயப்படாதீங்கம்மா. ஈஸ்ட்தான். ஒரு லேப்லேர்ந்து இன்னொரு லேப்புக்கு ஈஸ்ட் அனுப்பணும்னா இப்படித்தான் அனுப்புவோம். ஒரு சொட்டு எடுத்துப் பேப்பர்ல விட்டு, காய வெச்சு, தபால்ல போட்டுடுவோம். வருஷக்கணக்கா தூங்கும். சாப்பாடு குடுத்தா எழுந்துக்கும்."

"எங்க அண்ணன் மாதிரி," என்றாள் மெஹர் பானு.

யக்ஞநாராயணன் சிரிக்கவில்லை. தபீதாள் என்ன ஆராய்ந்தார் என்று சவுரிமுத்து கேட்டார். அந்தக் கேள்விக்காக எட்டு வருடம் காத்திருந்தவர்போல யக்ஞநாராயணன் பேச ஆரம்பித்தார்.

"ஒவ்வொரு ஈஸ்ட் செல்லும் ஒரு வீடு மாதிரி சார். சுத்திலும் சின்னச் சின்ன வாசல். சர்க்கரைக்கு ஒரு வாசல், உப்புக்கு ஒண்ணு, ஒவ்வொரு சத்துக்கும் தனித்தனி வாசல். எந்த வாசல் எதை உள்ளே விடும், அந்த வாசலைக் கட்டற ஜீன் எதுன்னு கண்டுபிடிக்கறதுதான் மேடத்தோட வேலை. அதுக்கு அவங்க பண்ணின வழி அபாரம். வாளவரங்காய் விதையில ஒரு விஷம் இருக்கு. அச்சு அசல் சத்து மாதிரியே இருக்கும். வாசல் ஏமாந்துபோய் உள்ளே விட்டுடும், செல் செத்துடும். கோடி செல்லுக்கு அந்த விஷத்தைக் குடுத்தா, ஒண்ணு ரெண்டு மட்டும் பிழைக்கும். ஏன் பிழைச்சது? அதுங்களுக்கு வாசலே இல்ல. அந்த ஒண்ணு ரெண்டைப் பிடிச்சு வெச்சுத்தான் பதினஞ்சு வருஷம் உழைச்சாங்க."

"அதுல எது பொய்?"

"எண்பத்திநாலுல வந்த கட்டுரை. அதே சத்துக்கு இன்னொரு ரகசிய வாசலும் இருக்குன்னு எழுதினாங்க. அந்தச் சோதனையைப் பண்ணினது அப்பாதுரைன்னு சீனியர் அசிஸ்டென்ட். மேடத்தோட ஈஸ்ட் எல்லாத்துக்கும் ஒரு அடையாளம் உண்டு சார். அவங்களே ஒரு ஜீனைக் கெடுத்து வெச்சிருந்தாங்க. கண்ணாடித் தட்டுல சத்தைக் குறைச்சு வளர்த்தா சிவந்துடும், பீட்ரூட் தண்ணி கலந்த மாவு மாதிரி. அந்தக் கட்டுரைக்கான ஈஸ்ட்டை நான் வளர்த்துப் பார்த்தேன். சிவக்கலை. வெள்ளையாவே இருந்தது. 'மேடம், இது நம்மளது இல்ல'ன்னு சொன்னேன். அப்பாதுரை, நான் தட்டை மாத்தி வெச்சிருக்கேன்னு சொன்னார். மேடம் அவரை நம்பினாங்க."

சவுரிமுத்து கேட்டார். "மேடம் உங்களை எப்படிக் கூப்பிடுவாங்க?"

"எப்படின்னா?"

"நீன்னா, நீங்கன்னா?"

"நீ, வா, போன்னுதான். லேப்ல என்னை மட்டும்தான் அப்படிக் கூப்பிடுவாங்க. பெருக்கறவங்களைக்கூட வாங்க, போங்கதான்."

சவுரிமுத்து ஜெராக்ஸ் தாளை நகர்த்தினார். 'என்னை மன்னித்துவிடு' என்ற வரியின்மேல் அவர் விரல் இருந்தது.

"தங்கைக்கு எழுதினதுன்னு எல்லாரும் நினைச்சிட்டிருக்காங்க. தங்கையை அவங்க எட்டு வருஷமா ஏமாத்தலையே."

யக்ஞநாராயணன் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பவும் மாட்டிக்கொள்ளவில்லை.

"மூணு நாள் குடுங்க," என்றார். "இதை எழுப்பிப் பார்க்கறேன்."

*

நான்காம் நாள் போன் வந்தது. சவுரிமுத்து எடுத்தார். ஒரே ஒரு வார்த்தை: "சிவப்பு."

"அப்போ பேப்பர்ல இருக்கிறது மேடத்தோட பழைய, நிஜமான ஈஸ்ட்," என்றாள் மெஹர் பானு. "எங்கேயோ பழைய ஃபைல்ல கிடைச்சிருக்கு. எழுப்பிப் பார்த்திருக்காங்க, சிவந்திருக்கு. லேப்ல இருக்கறது வெள்ளை. யக்ஞநாராயணன் சொன்னதுதான் நிஜம்னு புரிஞ்சுடுச்சு. திங்கட்கிழமை கட்டுரையை வாபஸ் வாங்கப் போறேன்னு அவருக்கு லெட்டர் எழுதியிருக்காங்க. பாதிப் பேப்பரைத் தங்கச்சிக்கு அனுப்பி வெச்சிருக்காங்க. அதுக்குள்ள காபி குடிச்சுட்டாங்க."

"லேப்ல இருக்கிறது இன்னும் வெள்ளைதானான்னு பாத்துடுவோம்."

ஆய்வு நிலையத்தில் அப்பாதுரை அவர்களை வாசல்வரை வந்து அழைத்துப் போனார். ஐம்பதைத் தாண்டியவர். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. தபீதாளின் நாற்காலிமேல் ஒரு முழம் மல்லிகை சாத்தியிருந்தது. அடுத்த மாதம் அந்த நாற்காலி அவருக்குத்தான் என்று வாசலில் வாட்ச்மேன் சொல்லியிருந்தான்.

"மேடம் இல்லாம இந்த ரூமுக்குள்ள வரவே மனசு வரல சார். பத்தொன்பது வருஷம். கூடப் பிறக்காத அக்கா," என்றார் அப்பாதுரை.

"அவங்க ஞாபகமா தங்கச்சி ஒண்ணு கேட்டாங்க," என்றார் சவுரிமுத்து. "விருது வாங்கின அந்த ஈஸ்ட்டுல ஒரு டியூப்."

அப்பாதுரை ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. ஃப்ரிட்ஜைத் திறந்தார். வரிசையாக அடுக்கியிருந்த கண்ணாடிக் குழாய்களில் ஒன்றை எடுத்தார். மஞ்சள் பூத்த லேபிளில் 1984 என்று இருந்தது. பஞ்சு வைத்துச் சுற்றி, இரண்டு கையாலும் நீட்டினார்.

வெளியே குழாயடியில் கண்ணாடிச் சாமான் கழுவிக்கொண்டிருந்தாள் எல்லம்மா. மெஹர் பானு அவளருகே குந்தினாள்.

"இன்னாக்கா, கை எல்லாம் வெந்துபோயிருக்கு?"

"அத்த ஏன் கேக்கற? மேடம் போயி மூணாம் நாளு, அவங்க காரியம்கூட ஆவல, அறுவது டியூபு கொண்டாந்து போட்டுட்டாரு அப்பாதுரை சாரு. பூரா கொதிக்க வச்சு கய்வுன்னாரு. ஒட்டியிருந்த சீட்டுங்கள மட்டும் பதமா நனைச்சு உரிச்சு அவராண்ட குடுக்கச் சொன்னாரு. கெழிஞ்சா தொலைச்சுடுவேன்னுட்டாரு. இன்னாத்துக்கோ, யாரு கண்டா?"

மெஹர் பானு வண்டியை ஸ்டார்ட் செய்யும்வரை வாயைத் திறக்கவில்லை. அவளுக்கு அது பெரிய சாதனை.

*

அந்தக் குழாயையும் பொத்தேரியில் கொடுத்தார்கள். மறுபடி மூன்று நாள் காத்திருப்பு.

யக்ஞநாராயணன் தட்டை மேஜைமேல் வைத்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது. கண்ணாடித் தட்டுக்குள் சின்னச் சின்னப் புள்ளிகளாக ஈஸ்ட் வளர்ந்திருந்தது. எல்லாமே சிவப்பு.

"அப்படின்னா..." மெஹர் பானு அவரைப் பார்த்தாள். "லேப்ல இருக்கறதும் நல்ல ஈஸ்ட்தான். நீங்க எட்டு வருஷம் முன்னாடி சொன்னதுதான் தப்பா?"

"எனக்குப் புரியல. நான் என் கண்ணால வெள்ளையா பார்த்தேன்." அவர் உட்கார்ந்தார். "ஒருவேளை நான்தான் தட்டை மாத்திட்டேனோ? அவங்களை அழ வெச்சுட்டுப் போனேனே. அது தப்பான காரணத்துக்கா?"

சவுரிமுத்து ஜன்னல் ஓரமாகப் போய் நின்றார். ரோட்டில் பல்லவன் பஸ் ஒன்று நிற்காமல் போக, பத்துப் பேர் பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"மேடம் இந்த ஈஸ்ட்டை வேற யாருக்காவது குடுத்திருக்காங்களா? பழைய காலத்துல?"

"கட்டுரை வந்தா, கேக்கறவங்களுக்கெல்லாம் அனுப்பணும் சார். அது வழக்கம். ஹைதராபாத்துல ஸ்ரீரங்கன்னு என் நண்பர் இருக்கார். எண்பத்தாறுல வாங்கி ஃப்ரிட்ஜ்ல வெச்சார். அப்படியே கிடக்கும். அவங்க பேர் மேல இருந்த நம்பிக்கையில யாருமே பிரிச்சுப் பார்க்க மாட்டாங்க."

"பிரிக்கச் சொல்லுங்க."

அதற்கு ஒரு வாரம் ஆனது. கல்லூரிக்கு எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்தில் மூவரும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். யக்ஞநாராயணன் ரிசீவரைச் சவுரிமுத்துவின் காதில் வைத்தார். ஹைதராபாத்திலிருந்து ஸ்ரீரங்கனின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது.

"வெள்ளை சார். சுத்த வெள்ளை. கொஞ்சம் ஆராய்ஞ்சும் பார்த்தேன். சொல்லவே வெக்கமா இருக்கு. பேக்கரியில ரொட்டிக்குப் போடறாங்களே, அந்த ஈஸ்ட்."

சவுரிமுத்து ரிசீவரை வைத்தார். அன்றைக்குத்தான் முதல்முறையாக அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அது சந்தோஷம் இல்லை.

"மெஹர், இன்ஸ்பெக்டருக்குப் போன் போடு."

*

பத்து நாள் கழித்து, பகல் மூன்று மணி. தபீதாளின் லேப். இன்ஸ்பெக்டர் வெளியே வராந்தாவில் கதவருகே நின்றிருந்தார். உள்ளே மேஜைமேல் மூன்று தட்டுகளை வரிசையாக வைத்தார் சவுரிமுத்து. அப்பாதுரை எதிரே கைகட்டி நின்றார். யக்ஞநாராயணனைப் பார்த்ததும் அவர் உதடு லேசாகக் கோணியது.

"முதல் தட்டு, மேடம் தங்கச்சிக்கு அனுப்பின பேப்பர்லேர்ந்து வளர்ந்தது. சிவப்பு. ரெண்டாவது நீங்க குடுத்த டியூப். அதுவும் சிவப்பு. மூணாவது, இதே லேப்லேர்ந்து எண்பத்தாறுல ஹைதராபாத்துக்குப் போய், இப்போ தபால்ல திரும்பி வந்தது. வெள்ளை."

அப்பாதுரை அமைதியாகச் சொன்னார். "சந்தோஷம் சார். மேடம் அனுப்பினதும் லேப்ல இருக்கிறதும் ஒண்ணு. மேடம் மேல எந்தத் தப்பும் இல்லைன்னு இதுலேயே தெரியுதே. ஹைதராபாத்துல இவரோட நண்பர் என்ன கலந்தாரோ, யார் கண்டா?"

"நாங்களும் அப்படித்தான் நினைச்சோம். அதனால மதுரைக்கும் லண்டனுக்கும் கேட்டோம். லண்டன்லேர்ந்து நேத்து ஃபேக்ஸ் வந்தது. வெள்ளை. மதுரையும் வெள்ளை." சவுரிமுத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "இந்த ரூம்லேர்ந்து எட்டு வருஷமா வெளியே போனதெல்லாம் வெள்ளை. இந்த ரூமுக்குள்ள இருக்கிறது மட்டும் சிவப்பு. அப்போ உள்ளே இருக்கிறதை யாரோ மாத்தியிருக்கான். எப்போ மாத்தினான்? மேடம் இறந்த மூணாம் நாள். அறுபது டியூப். பழைய சீட்டை உரிச்சு, புது டியூப்ல ஒட்டியிருக்கான்."

அப்பாதுரை வாசல் பக்கம் பார்த்தார். அங்கே எல்லம்மா நின்றிருந்தாள். பக்கத்தில் மெஹர் பானு.

"நீங்க மாத்தாம விட்டிருந்தா எங்ககிட்ட ஒண்ணுமே இல்ல," என்றார் சவுரிமுத்து. "எட்டு வருஷத்துக்கு முன்னாடி ஏதோ தப்பு நடந்துபோச்சு, மேடம் மனசொடிஞ்சு செத்துட்டாங்க. கேஸ் அவ்வளவுதான். ஆனா நீங்க அவசரமா மாத்தினீங்க. சிவப்பா இருக்கணும்னு உங்களுக்கு யார் சொன்னாங்க? மேடத்துக்கு உண்மை தெரிஞ்சுபோச்சு, பழைய பேப்பரை எழுப்பிட்டாங்க, நீங்க எடுத்து டியூப்ல ரொப்பின அந்தச் சிவப்புத் தட்டு இந்த லேப்லதான் இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? அதெல்லாம் ஒரே ஒரு இடத்துலதான் எழுதியிருந்தது. கடிதத்தோட முதல் பக்கத்துல."

 அப்பாதுரை மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார்.

"எண்பத்திமூணு மே மாசம்," என்றார். யாரையும் பார்க்காமல் பேசினார். "மேடம் மாநாட்டுக்குப் போயிருந்தாங்க. என் தங்கச்சி கல்யாணம். மூணு நாள் நான் இந்தப் பக்கமே வரல. கரண்ட் இல்ல. திரும்பி வந்து ஃப்ரிட்ஜைத் திறந்தா, எல்லா டியூப்லயும் பூசணம். பதினஞ்சு வருஷ உழைப்பு. அவங்களுக்கு என்ன பதில் சொல்லுவேன்? தாம்பரம் பேக்கரியில போய் ஈஸ்ட் வாங்கிட்டு வந்து ரொப்பினேன். ஒரு மாசத்துல உண்மையைச் சொல்லிடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள சோதனை பண்ணச் சொல்லிட்டாங்க. சோதனை நம்பரையெல்லாம் நானே கற்பனையா எழுதினேன். விருது குடுப்பாங்கன்னு எனக்கு என்ன தெரியும்?"

"உலகம் பூரா எட்டு வருஷமா பன்னு சப்ளை பண்ணியிருக்காரு சார்," என்றாள் மெஹர் பானு. அவளுக்கே அது சிரிப்பாக இல்லை.

"அந்த வெள்ளிக்கிழமை அவங்கதான் போன்ல கூப்பிட்டாங்க. 'அப்பாதுரை, முதல்ல உங்ககிட்டதான் சொல்லணும், வாங்க'ன்னாங்க. குரல்லயே தெரிஞ்சுபோச்சு. போகும்போதே லேப் அலமாரியிலேர்ந்து விஷத்தை எடுத்துட்டுப் போயிட்டேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலை. காபி போட்டுக் குடுத்தாங்க. பிஸ்கட் எடுக்க அலமாரிப் பக்கம் போனாங்க. வந்து குடிச்சாங்க." அவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். "அப்புறம்தான் மேஜைமேல இருந்த கடிதத்தைப் படிச்சேன். என் பேரே இல்ல சார். எங்கேயுமே இல்ல."

"பொறுப்பு முழுக்க என்னுடையதுன்னு எழுதியிருந்தாங்க," என்றார் சவுரிமுத்து. "அதைப் படிச்சுட்டுத்தான் டம்ளருக்கு அடியில வெச்சீங்க."

இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். அப்பாதுரையைத் தோளைப் பிடித்துத் தூக்கினார். யக்ஞநாராயணன் குறுக்கே வந்து நின்றார்.

"முதல் பக்கம் எங்கே?"

"எரிச்சுட்டேன்."

"என்ன எழுதியிருந்தாங்க?"

அப்பாதுரை அவரையே பார்த்தார். சொல்லாமல் போய்விடுவாரோ என்று மெஹர் பானுவுக்குத் தோன்றியது.

"'யக்ஞம், நீ சொன்னதுதான் சரி. நான் கேட்கவில்லை. உன் எட்டு வருடத்தை எப்படித் திருப்பித் தருவேன் என்று தெரியவில்லை'ன்னு ஆரம்பிச்சிருந்தது. மீதி ஞாபகமில்லை."

வராந்தாவில் பூட்ஸ் சத்தம் தேய்ந்தது. யக்ஞநாராயணன் மூன்றாவது தட்டை எடுத்து மூடினார். மூடி சரியாக உட்காரவில்லை. திரும்பத் திரும்ப மூடிக்கொண்டே இருந்தார். மெஹர் பானு போய் அதை அவர் கையிலிருந்து வாங்கி வைத்தாள்.

*

இரண்டு நாள் கழித்துச் செல்வமேரியின் வீட்டுக்குப் போனார்கள். சுவரில் தபீதாள் விருது வாங்குகிற போட்டோ. அதற்குக் கீழே, செய்தித்தாளில் வந்த துண்டுகளை வெட்டிக் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்திருந்தார் செல்வமேரி.

யக்ஞநாராயணன் டைப் அடித்த ஒரு கடிதத்தை நீட்டினார். எண்பத்திநாலில் கட்டுரையை வெளியிட்ட லண்டன் பத்திரிகைக்கு எழுதியது.

"அக்கா, நீங்க வேண்டாம்னா இதை அனுப்ப மாட்டேன்," என்றார்.

"இதுல என்ன எழுதியிருக்கு?"

"அந்தக் கட்டுரை தப்பு, வாபஸ் வாங்கறோம்னு."

செல்வமேரி சவுரிமுத்துவிடம் திரும்பினார். "இதை அனுப்பலேன்னா கேஸ் நிக்காதா?"

"அவன் ஒத்துக்கிட்டான். ஆனா கோர்ட்டுல மாத்திச் சொல்லலாம். ஏன் கொன்னான்னு நிரூபிக்கணும்னா கட்டுரை பொய்யின்னு ஊருக்குத் தெரிஞ்சுதான் ஆகணும்."

"தெரிஞ்சா அவ பேரு?"

 யக்ஞநாராயணன்தான் சொன்னார்.

"கெடும்க்கா. நாலு பேர் சிரிப்பாங்க. விருதைத் திருப்பிக் கேக்கலாம். ஆனா எண்பத்திமூணுக்கு முன்னாடி அவங்க கண்டுபிடிச்ச ஒவ்வொண்ணும் உண்மை. ஒவ்வொரு வாசலும். அதை நான் எங்கே வேணும்னாலும் வந்து சொல்லுவேன்."

செல்வமேரி கடிதத்தை வாங்கிப் படித்தார். ஆங்கிலம் தெரியும், விஷயம் புரியவில்லை. கடைசி வரிவரை விரலை வைத்துக்கொண்டே வந்தார்.

"கீழே உன் பேரு மட்டும்தான் இருக்கு."

"நான்தானேக்கா எழுதினேன்."

"அவ எழுத இருந்ததைத்தானே நீ எழுதியிருக்கே? உன் பேருக்கு மேல அவ பேரைப் போடு. செத்துட்டான்னும் போடு. ஆனா பேரு இருக்கணும். வேற எவனோ வந்து கண்டுபிடிச்ச மாதிரி இருக்கக்கூடாது."

யக்ஞநாராயணன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். பெரிய எழுத்தில் தபீதாள் என்று எழுதினார். மை காயும்வரை செல்வமேரி விசிறிக்கொண்டிருந்தார். பிறகு கடிதத்தை நாலாக மடித்து உறையில் போட்டு, நாக்கால் நனைத்து ஒட்டினார்.

"நாங்க போற வழியில போட்டுடறோம்மா," என்றார் சவுரிமுத்து.

"வேண்டாம் சார். நானே போறேன்." அவர் செருப்பைத் தேடி மாட்டினார். "தபாலாபீஸ் அஞ்சு மணிக்கு மூடிடுவான்."

மெஹர் பானு ஓடிப்போய் டி.வி.எஸ். ஃபிஃப்டியை உதைத்தாள். அது இரண்டு தடவை இருமிவிட்டுக் கிளம்பியது.

"ஏறுங்கக்கா. கெட்டியா பிடிச்சுக்கோங்க."

செல்வமேரி உறையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தார். மணி நாலே முக்கால்.